ஊற்றும் முன் கழற்றிப் பாருங்கள்

சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றால், பெரும்பாலான வீடுகளில் முதலில் தேடுவது மளிகைக் கடையில் கிடைக்கும் அடைப்பு நீக்கும் பவுடரை. அது இல்லையென்றால், பாத்ரூம் கழுவ வாங்கி வைத்த ஆசிட். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணிப்புதான்: அடைப்பு சுவருக்குள் கண்காணாத எங்கோ இருக்கிறது, அங்கே கை போகாது, ஊற்றுகிற ஒன்றுதான் போகும். சமையலறையைப் பொறுத்தவரை இந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறு. அடைப்பு சிங்க்குக்கு நேர் கீழே, குனிந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கையில் காசு குறைவாக இருப்பவர் கடைக்குப் போகும் முன் ஒரு பழைய வாளியை எடுத்துக்கொண்டு சிங்க்கின் அடியில் உட்காருவதுதான் லாபம்.

அடைப்பு அங்கே சேர்வதற்குக் காரணம் குழாயின் வடிவம். 1775-இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரத் தொழிலாளி கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றபோது, அதன் கழிவுக் குழாயைப் பாம்புபோல் வளைத்திருந்தார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். சாக்கடை நாற்றம் அந்தத் தண்ணீரைத் தாண்டி மேலே வராது. இன்று சிங்க்கின் கீழே இருக்கும் பாட்டில் ட்ராப்பும், குளியலறைத் தரையில் ஜாலிக்குக் கீழே இருக்கும் நஹானி ட்ராப்பும் அதே வேலையைத்தான் செய்கின்றன. தண்ணீர் தங்கும் இடத்தில் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கனமானது படியும். நம் சமையலறையிலிருந்து இறங்குவதையும் எண்ணிப் பாருங்கள். கிரைண்டர் கழுவிய உளுந்து மாவு பசை போல ஒட்டும். சோற்றுப் பருக்கையும் கஞ்சியும் ஆறினால் இறுகும். நெய்யும் டால்டாவும் சூட்டில் உருகி இறங்கிக் குளிர்ந்த குழாயில் உறையும். மார்கழிக் காலையில் பாட்டிலிலேயே உறையும் தேங்காய் எண்ணெய் குழாயில் மட்டும் உறையாமலா இருக்கும்? இவற்றின்மேல் டீத்தூள், கறிவேப்பிலை, பாத்திரம் தேய்க்கும் நாரின் இழைகள், தேய்ப்புப் பவுடரின் நறநறப்பு எல்லாம் வந்து சிக்கும். இது பல பொருள்கள் கலந்த ஒரு திட்டு. எந்த ஒற்றை ரசாயனமும் அவை அத்தனையையும் கரைத்துவிடாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை தேவை. சிங்க்கில் மட்டும் தண்ணீர் நின்றால் கோளாறு ட்ராப்பிலோ அதை ஒட்டிய குழாயிலோதான். சிங்க்கில் ஊற்றினால் குளியலறைத் தரையில் குமிழி வருகிறது, அல்லது மாடியில் குளித்தால் கீழ்வீட்டில் தண்ணீர் எதிர்த்து வருகிறது என்றால், பொதுக் குழாயோ வெளியே உள்ள சேம்பரோ அடைத்திருக்கிறது. அது வேறு கதை. முதல் வகை என்றால், சிங்க்கில் நிற்கும் தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, வாளியைக் கீழே வைத்து, பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றலாம். ஸ்பேனர் வேண்டாம்; பிளாஸ்டிக் மரை உடையும். உள்ளே இருப்பதை வழித்து எடுத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ரப்பர் வாஷர் இடம் மாறாமல் திரும்ப மாட்டினால் போதும். ட்ராப்புக்குப் பதிலாகச் சுருள்சுருளான பிளாஸ்டிக் ஹோஸ் இருந்தால் அதன் மடிப்பு ஒவ்வொன்றிலும் பிசுக்கு ஏறியிருக்கும். அதைச் சுத்தம் செய்ய மெனக்கெடுவதைவிடப் புதிது வாங்கி மாட்டுவதே புத்திசாலித்தனம், விலை அதிகமில்லை.

ட்ராப் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் ரப்பர் கிண்ணம் வைத்த கைப்பம்பு உதவும். பலர் அதை வெறும் சிங்க்கில் வைத்துக் குத்திவிட்டுப் பயனில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். வாஷ்பேசின் என்றால் மேலே உள்ள வழிவு ஓட்டையையும், இரட்டைச் சிங்க் என்றால் பக்கத்து ஓட்டையையும் ஈரத்துணியால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் அந்த வழியே போய்விடும். அழுத்துவதைப் போலவே இழுப்பதும் வேலை செய்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. குளியலறையில் சிக்கியிருப்பது பெரும்பாலும் தலைமுடி. சீயக்காய், அரப்புத் தூள் பழக்கமுள்ள வீட்டில் அந்த முடிப் பந்து சேறோடு கெட்டிப்பட்டிருக்கும். ஓரங்களில் பல் வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பட்டையை விட்டு முறுக்கி இழுத்தால் வந்துவிடும். நஹானி ட்ராப்பினுள் கவிழ்ந்திருக்கும் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவியவர்கள் அதைத் திரும்ப வைக்க வேண்டும். தண்ணீர் வேகமாகப் போகட்டும் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கரப்பான் பூச்சிக்கு மருந்து தேடும் வீடுகள் நிறைய.

பவுடர் போட்டால் நிஜமாகவே சரியாகிறதே என்று கேட்கலாம். சில சமயம் ஆகிறது. அந்தப் பவுடர்களில் முக்கியமாக இருப்பது காஸ்டிக் சோடா. அது முடியை அரிக்கும், கொழுப்பைச் சோப்பாக மாற்றும். ஆனால் போர்த் தண்ணீர் போன்ற கடின நீரில் அந்தச் சோப்பு சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவமாகிவிடும். கொழுப்பு அப்படி இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதிச் சாக்கடையில் 2017-இல் சுமார் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்புப் பாறை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதை வேகமான நீர்ப்பீச்சாலும் மண்வெட்டியாலும் வாரக்கணக்கில் உடைத்துத்தான் எடுத்தார்கள். பவுடரால் வேறு தொல்லைகளும் உண்டு. தேங்கிய தண்ணீரில் கொட்டினால் அது அடியில் கல்லாகக் கட்டிக்கொள்ளலாம். கரையும்போது கிளம்பும் சூட்டில் பிளாஸ்டிக் இணைப்புகள் நெளியலாம். ஆசிட் இன்னும் மோசம். கொழுப்பை அது கரைப்பதில்லை, சிமென்ட் இணைப்பையும் உலோகக் கப்ளிங்கையும்தான் தின்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சமையல் சோடாவும் வினிகரும் தீங்கற்றவைதாமே என்றால், ஆம், தீங்கற்றவை, பெரும்பாலும் பயனற்றவையும்கூட. ஒன்று காரம், மற்றது அமிலம். சேர்ந்ததும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. பொங்கும் நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு. திறந்த ஓட்டை வழியே மேலே போய்விடுகிறது. அந்தக் காசுக்குப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கொஞ்சம் விட்டு, வெந்நீர் ஊற்றினால் மெல்லிய பிசுக்காவது இளகும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. பி.வி.சி. குழாய் 80 டிகிரி செல்சியஸ் அருகே இளகத் தொடங்கும். கை பொறுக்காத சூடு போதும், அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீர் வேண்டாம்.

அருவருப்பு என்பதுதான் பலர் வெளியே சொல்லாத மறுப்பு. சிங்க் ட்ராப்பில் இருப்பது நேற்று நம் தட்டில் இருந்த சோறும் எண்ணெயும்தான். ரப்பர் கையுறை ஒன்று போதும். நாம் தொடக் கூசுவதை வேறொருவர் தொட்டு எடுப்பார் என்று எடுத்துக்கொள்வது நம் ஊரில் வெகு சுலபமாக நடக்கிறது. ட்ராப்பைச் சுவருக்குள் பதித்துவிட்ட அடுக்குமாடி வீடுகளில் நிலைமை வேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே பம்புக்கு அடங்காத அடைப்புக்குப் பிளம்பர்தான் வேண்டும். வாடகை வீட்டில் பழைய மரை இறுகியிருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுக் கழற்றுவதே நல்லது.

சொந்தக் கைவேலையின் எல்லை சேம்பர் மூடி. அதைத் திறந்து தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நிரம்பி நின்றால் அடைப்பு வீட்டுக்கு வெளியே. உள்ளே இறங்கவும் கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு நொடிகளில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அமர்த்தியவர் தனிமனிதராக இருந்தாலும் சிறை உண்டு. சென்னையில் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் செய்யலாம். வருகிறவர் பிளம்பரோ வாரிய ஊழியரோ, ஏற்கெனவே பவுடரோ ஆசிட்டோ ஊற்றியிருந்தால் அவர் குழாயில் கை வைக்கும் முன் சொல்லிவிடுங்கள்; ட்ராப்பைத் திறந்ததும் அந்தத் தண்ணீர் முதலில் தெறிப்பது அவர் முகத்தில்தான்.