இருவர் மட்டும், இரண்டு நாள்

நம்மவர்கள் பிரயாணம் செய்வதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. கல்யாணத்துக்குப் போகிறோம், காதுகுத்துக்குப் போகிறோம், அறுபதாம் கல்யாணத்துக்கும் தவறாமல் போகிறோம். வேண்டுதலை நிறைவேற்றத் திருப்பதிக்கும் பழனிக்கும் போகிறோம். பிள்ளையைக் காலேஜில் சேர்ப்பதற்காகவும், பாட்டியின் கண்ணை வைத்தியரிடம் காட்டுவதற்காகவும் ரயிலேறுகிறோம். ஆனால், "காரியம் ஒன்றும் இல்லாமல், நீங்கள் இருவர் மட்டுமாக ஓர் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தது உண்டா?" என்று கல்யாணமாகிப் பதினைந்து வருஷமான ஒரு தம்பதியைக் கேட்டுப் பாருங்கள். கணவர் மோட்டுவளையைப் பார்ப்பார். மனைவி, "அதற்கெல்லாம் எங்கே ஒழிகிறது?" என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருக்கும் பாலைக் கவனிக்கப் போய்விடுவார்.

புதிதாக மணம் புரிந்தவர்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவர்களை உதகமண்டலத்துக்கோ கொடைக்கானலுக்கோ அனுப்பி வைக்க ஊரே திரண்டு நிற்கிறது. பேசுவதற்கும் அவர்களுக்கு விஷயம் குறைவில்லை. ஒருவருடைய வாழ்க்கை மற்றவருக்குப் புதிய புஸ்தகம். புஸ்தகத்தைப் பாதி படித்துவிட்டு, மூடி அலமாரியில் வைத்துவிட்டவர்களைப் பற்றியே இந்தக் கட்டுரை.

நமக்குத் தொழில் உபாத்தியாயம். வருஷத்தில் நாலைந்து தடவை மாணவர்களின் தாய் தந்தையரை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற பாக்கியம் நமக்கு உண்டு. ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு செல்போன் இருக்கும். கூப்பிட்டவுடன் எழுந்து வந்து, பையனுடைய கணக்கு மார்க்கைப் பற்றி இருவரும் ஒரே குரலில் பேசுவார்கள். திரும்பிப் போய் மறுபடியும் மௌனமாகிவிடுவார்கள். அவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. பால் கணக்கு, பள்ளிக்கூடச் சம்பளம், கேஸ் சிலிண்டர், மாமனாரின் இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தவிர அவர்களுக்குள் பேச வேறு விஷயம் மிச்சமில்லை, அவ்வளவுதான். பையன் படித்து முடித்துப் பெங்களூருக்கோ அமெரிக்காவுக்கோ போகிற நாளில் கணக்கு மார்க்கும் போய்விடும். அப்போது அந்த வீட்டில் இரண்டு அந்நியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள். இதைவிடப் பெரிய நஷ்டம் ஒரு குடும்பத்துக்கு வேண்டியதில்லை. அதைத் தடுப்பதற்கு ஆகும் செலவோ, பல வீடுகளில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வரும் செலவுதான்.

ஆகவே, போக வேண்டும் என்று தீர்மானித்தாயிற்று. எங்கே போவது? ஊரைத் தேர்ந்தெடுக்க மூன்று லட்சணங்கள் பார்க்க வேண்டும். முதலாவது, அரை நாளுக்குள் போய்ச் சேரக்கூடிய ஊராக இருக்க வேண்டும். இரண்டாவது, வண்டி வைத்துக்கொள்ளாமல் கால்நடையாகவே சுற்றக்கூடிய ஊராக இருக்க வேண்டும். மூன்றாவது லட்சணமே மிக முக்கியம்: அந்த ஊரில் உறவினர் இருக்கக் கூடாது. அத்தை வீடு இருக்கிற ஊரில் ஹோட்டலில் தங்கினால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு நிற்கும்; அத்தை வீட்டிலேயே தங்கினாலோ, போன காரியம் கெட்டது.

சென்னையிலும் வட மாவட்டங்களிலும் இருப்பவர்களுக்கு இந்த லட்சணங்கள் பொருந்திய ஊர் புதுச்சேரி. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னையிலிருந்து சுமார் 150 கிலோ மீட்டர். பஸ்ஸில் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்விடலாம். விழுப்புரம் மார்க்கமாக ரயிலும் உண்டு. புதுச்சேரிக்குப் போகிறோம் என்று சொன்னவுடன் சில நண்பர்கள் ஒரு மாதிரியாகப் புன்னகை செய்வார்கள். அங்கே கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் ஒரு திரவத்தை உத்தேசித்த புன்னகை அது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். அந்த ஊரில் அதைவிட நல்ல போதை வஸ்துக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று கடற்காற்று.

காலத்தைப் பற்றி ஒரு யோசனை. ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழையில் அறைக்குள்ளேயே அடைந்து கிடக்க நேரும். சித்திரை, வைகாசியில் வெயில் வறுத்து எடுத்துவிடும். தையும் மாசியுமே உத்தமம். சனி, ஞாயிறுகளில் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற பாதிப் பேர் அங்கே வந்துவிடுவதால், லீவு எடுத்துக்கொண்டு வாரத்தின் நடுவில் போவது நலம். கூடுமானால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். கடற்கரை என்றதும் பலர் கடலில் சூரியன் மறையும் காட்சியை நினைத்துக்கொண்டு போய் ஏமாந்து திரும்புகிறார்கள். புதுச்சேரிக் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் அங்கே உதிப்பானே தவிர மறைய மாட்டான். ஆனால் பௌர்ணமியன்று, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிற அதே வேளையில் சந்திரன் கடலிலிருந்து கிளம்பி வருவான். இதற்கு டிக்கட்டும் கிடையாது. மாசிப் பௌர்ணமியை ஒட்டி மாசி மகத் தீர்த்தவாரி வரும். அப்போது கடற்கரை முழுவதும் ஜன சமுத்திரமாகிவிடும். தனிமை தேடுகிறவர்கள் தைப் பௌர்ணமியையே வைத்துக்கொள்ளலாம்.

இனி, புறப்படும் கட்டம். இங்கேதான் பெரும்பாலான உல்லாசப் பிரயாணங்கள் பாழாகின்றன. நம் வீட்டு ஸ்திரீகள் ஊருக்குப் போவதென்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு நாளைக்கு வேண்டிய தோசை மாவு, வற்றல் குழம்பு, பொடி வகையறாக்கள் எல்லாவற்றையும் முதல்நாள் இரவு பதினொரு மணி வரையில் தயார் செய்கிறார்கள். பிறகு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வழிக்குப் புளியோதரை கட்டுகிறார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் கணவர் ஜன்னலுக்கு வெளியே கடலைக் காட்டி, "எவ்வளவு அழகு பார்!" என்கிறார். அந்த அம்மாள் அப்போது அயர்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். இதற்கு உல்லாசப் பிரயாணம் என்று பெயரிடுவது நியாயமல்ல. ஓவர்டைம் என்பதே பொருந்தும்.

ஆதலால், ஏற்பாடுகளைக் கணவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். குழந்தைகளைத் தாத்தா பாட்டியிடமோ, சித்தியிடமோ ஒப்படைப்பது, அவர்களுக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்வது, அறை அமர்த்துவது, டிக்கட் வாங்குவது ஆகிய நான்கும் அவர் பொறுப்பு. குழந்தைகள் இரண்டு நாள் ஹோட்டல் இட்லி சாப்பிட்டால் இளைத்துவிட மாட்டார்கள். மனைவியின் பொறுப்பு ஒன்றே ஒன்று: "கியாஸை மூடினோமா?" என்று திண்டிவனத்தில் கவலைப்படாமல் இருப்பது.

தங்கும் அறை பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கட்டும். வெளியே எங்கேயோ மலிவாக ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு, மிச்சம் பிடித்த பணத்தை ஆட்டோக்காரரிடம் கொடுப்பதில் லாபமில்லை. பழைய நகரம் நேர் நேரான தெருக்களால் ஆனது. நடுவே வடக்குத் தெற்காகப் 'பெரிய வாய்க்கால்' ஒன்று ஓடுகிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர்கள் வசித்த பகுதி. மஞ்சள் பூச்சும், உயர்ந்த மதில்களும், மதிலுக்கு மேல் எட்டிப் பார்க்கும் காகிதப் பூக் கொடிகளுமாக இருக்கும். மேற்கே தமிழர் பகுதி. தெருவோடு போகிறவனையும் உட்கார அழைக்கும் திண்ணைகளும், தூண்கள் தாங்கும் தாழ்வாரங்களும் அங்கே இன்னும் சில வீடுகளில் எஞ்சியிருக்கின்றன. பிரெஞ்சு ஆட்சி 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் முடிந்து, 1962-இல் சட்டப்படியும் முடிந்துபோயிற்று. தெருப் பெயர்ப் பலகைகளில் மட்டும் இரண்டு பாஷைகளும் சண்டையின்றிக் குடித்தனம் செய்கின்றன. தம்பதிகள் கவனிக்கத்தக்க விஷயம்!

முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தவுடன் என்ன செய்வது? தூங்க வேண்டும். சிரிக்க வேண்டாம்; பல வீடுகளில் அந்த அம்மாளுக்குப் பகல் தூக்கம் வாய்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். மாலையில் கடற்கரைச் சாலைக்குப் போகலாம். ஆறு மணி முதல் மறுநாள் காலை வரையில் அந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளை அனுமதிப்பதில்லை. காந்தி சிலை, 1836-ஆம் வருஷத்துப் பழைய கலங்கரை விளக்கம், தலைமைச் செயலகம் என்று ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு அவசரமின்றி நடக்கலாம். 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகம் கட்டிய பிறகு இந்தக் கரையின் மணலைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. கரையைக் காப்பாற்றக் கருங்கற்களைக் கொட்டினார்கள். சமீப வருஷங்களில் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததனால், ஒரு பகுதியில் மணல் மீண்டும் வந்து படிந்திருக்கிறது. கொஞ்சம் முயற்சி செய்தால் போனது திரும்பி வரும் என்பதற்கு இதைவிட நல்ல திருஷ்டாந்தம் வேண்டுமா? ஆனால் அலை இழுக்கும் கடல் அது. பார்க்கலாம், இறங்கிக் குளிக்க வேண்டாம்.

மறுநாள் காலை சூரியோதயம். பிறகு, ஒரே ஓர் இடம். ஒன்றுக்கு மேல் கூடாது என்பதை அழுத்திச் சொல்லுகிறோம். புதுச்சேரியில் பார்க்கத் தகுந்தவை அநேகம். 1968-இல் தொடங்கிய ஆரோவில் இருக்கிறது; அதன் மாத்ரி மந்திரத்துக்குள் உட்கார முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ரோமாபுரியோடு வாணிபம் நடந்ததற்கான சின்னங்களை 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி ஆராய்ந்த அரிக்கமேடு இருக்கிறது. 1736 முதல் நாட்குறிப்பு எழுதி வந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமமும் மணக்குள விநாயகர் கோவிலும் இருக்கவே இருக்கின்றன. எல்லாவற்றையும் இரண்டு நாளில் பார்த்து முடித்தவர்கள் உண்டு. காலில் வீக்கத்துடனும், ஒருவர் மீது ஒருவர் கோபத்துடனும் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். இவை எங்கும் ஓடிவிட மாட்டா. அடுத்த வருஷத்துக்கும் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று என்றால், ஈசுவரன் தருமராஜா கோயில் வீதியில் பாரதியார் வசித்த வீட்டைச் சொல்லுவோம். ஆங்கிலேயர் ஆட்சியின் பிடியிலிருந்து தப்பி 1908-இல் இங்கே வந்த கவிஞர், பத்து வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தார். குயில் பாட்டு பிறந்த இடமும் புதுச்சேரியே. செல்லம்மாவின் தோளில் கை வைத்தபடி அவர் எடுத்துக்கொண்ட புகைப்படத்தை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். கணவனுக்கு இரண்டடி பின்னால் மனைவி நடந்த காலத்தில் எடுத்த படம் அது. வறுமையும், ஒற்றர்களின் தொல்லையும் சூழ்ந்திருந்த குடும்பத்தில் அதற்கு இடம் இருந்தது. நமக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்லக் கொஞ்சம் வெட்கப்பட வேண்டியதுதான்.

அவ்வூரிலேயே 1891-இல் பிறந்த பாரதிதாசனார், 'குடும்ப விளக்கு' என்ற காவியத்தை ஐந்து பகுதிகளாக இயற்றினார். முதற் பகுதி, ஒரு குடும்பத் தலைவி விடியலில் தொடங்கி இரவு வரையில் செய்யும் ஒருநாள் வேலையைச் சொல்லுகிறது. கடைசிப் பகுதியின் பெயர் 'முதியோர் காதல்'. "இந்த வயசில் என்ன ஊர் சுற்றல்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு இந்தத் தலைப்பே போதுமான பதில். முதற் பகுதியிலேயே ஆயுள் முழுவதும் நின்றுபோய்விடும் குடும்பங்கள் நம்மில் எத்தனை! ஐந்தாம் பகுதி தானாக வந்து சேர்வதில்லை. இடையிடையே அதற்கு நாள் ஒதுக்க வேண்டும்.

மாலை நடைக்கு மட்டும் ஒரு நிபந்தனை. குழந்தைகளின் படிப்பு, ஆபீஸ் விவகாரம், இரு தரப்பு உறவினர் ஆகிய மூன்றும் அன்று விலக்கப்பட்ட விஷயங்கள். வீட்டுக்கு இரவு எட்டு மணிக்கு ஒரே ஒரு டெலிபோன். பிறகு செல்போன் பைக்குள் போய்விட வேண்டும். முதல் அரை மணி நேரம் பேச்சே வராது. பயப்பட வேண்டாம், துருப்பிடித்த பூட்டு உடனே திறக்காது. யாராவது ஒருவர், "கல்யாணமான புதிதில் நாம் குடியிருந்த அந்த மாடி அறை ஞாபகம் இருக்கிறதா?" என்று ஆரம்பித்தால் போதும்.

அறை எடுத்துத் தங்க வசதியில்லாதவர்கள் காலையில் போய் இரவில் திரும்பலாம். அதற்கும் பலன் குறையாது. தொலைதூரத்து நேயர்கள், மேற்சொன்ன மூன்று லட்சணங்களை வைத்துத் தங்களுக்கு அருகில் உள்ள ஊரைத் தேடிக்கொள்ளலாம். ஊர் எதுவானாலும் பாதகமில்லை.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு சுவரில் தொங்கும் காலண்டரைப் பாருங்கள். தைப் பௌர்ணமி எந்தக் கிழமையில் வருகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். கேட்பவர்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை. புளியோதரையும் கட்ட வேண்டியதில்லை.