உங்களுக்குத் தெரியுமா? போடி மலையடிவாரத்துக்கு ஒரு வேட்டைநாய்க் குட்டி

“எனக்கு ஒரு வேட்டைநாய் வேணும்ப்பா” என்று பள்ளி விட்டு வந்ததும் அடம்பிடிக்கும் பிள்ளைகள் போடிநாயக்கனூரில் எந்தத் தெருவிலும் இருப்பார்கள். தாத்தாக்கள் சொல்லிவைத்த கதைகள் அப்படி. குட்டி வாங்கலாம் என்று பாதி மனசுக்கு வந்துவிட்ட வீடுகளுக்காக இந்தத் துணுக்குகள்.

● நல்ல நாய் தேடி ராஜபாளையம் வரை போக வேண்டியதில்லை. போடியிலிருந்து தேவாரம் சாலையில் தெற்கே இறங்கினால், இளையராஜா பிறந்த பண்ணைப்புரத்தைத் தாண்டியதும் கோம்பை. அந்த ஊர்ப் பெயரைத்தான் கோம்பை நாய் சுமக்கிறது. செம்பழுப்பு உடம்பு, கரி பூசியது போன்ற மூஞ்சி, அகன்ற தாடை, தடித்த கழுத்து. காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்க வளர்த்த உடம்பு அது. நம் தேனி மாவட்டத்தின் சொந்த நாய்!

● சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் வேட்டையாடும் நாய்கள். நீண்ட ஒடுங்கிய தலையின் இரு பக்கமும் கண்கள் அமைந்திருப்பதால், இவ்வகை நாய்களுக்கு ஏறத்தாழ 270 பாகை வரை பார்வை விரியும். மனிதருக்குச் சுமார் 180 பாகைதான். தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், அம்பு மாதிரிப் பாயும். ஆனால் அந்தப் பாய்ச்சலுக்குக் கரிசல் வெளி வேண்டும். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்து மானாவாரி நிலங்களில் வளர்ந்த கால்கள் அவை. ஆளுயரத்துக்கு மேல் தட்டை வளர்ந்து நிற்கும் ஏலத்தோட்டத்தில் அந்தக் கண்ணுக்குப் பத்தடிக்கு மேல் வேலை இல்லை. பாறையும் சரிவும் நிறைந்த இடத்தில் முழு வேகத்தில் ஓடினால் மெல்லிய கால் முறியும். அழகுக்கு மயங்கி மலைக்குக் கூட்டிப்போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால், சரிவில் குடியிருக்கும் வீட்டுக்குக் கோம்பை. கீழே சமவெளியில் காடுகரை வைத்திருப்பவர்களுக்குச் சிப்பிப்பாறை.

● கன்னி நாயை வளர்த்த குடும்பங்கள் அதை விலைக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். கல்யாணமாகிப் போகும் பெண்ணோடு சீராக அனுப்புவது வழக்கம் என்றும், பெயரே அதனால்தான் வந்தது என்றும் சொல்வார்கள்.

● ராஜபாளையம் நாயை வெள்ளைக்காரர்கள் ‘போலிகர் ஹவுண்ட்’ என்று அழைத்தார்கள். பாளையக்காரர் என்ற நம் சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது.

● வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு, பொன்னிறக் கண். ராஜபாளையத்தின் இந்த அழகுக்குப் பின்னால் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். காதுக்குள் ஒலியை வாங்கும் செல்கள் உயிரோடு இருக்க நிறமி செல்களின் துணை வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் போய்விடும். குட்டி பார்க்கப் போகும்போது கையைத் தட்டிச் சோதிக்காதீர்கள். காற்றசைவையும் தரை அதிர்வையும் உணர்ந்தே குட்டி திரும்பிவிடும். மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அது வேறு பக்கம் பார்த்திருக்கும்போது, எட்ட நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். ஒரே காதில் செவிடு என்றால் இந்தச் சோதனைக்கும் பிடிபடாது; காது நரம்பின் மின்னதிர்வை அளக்கும் கருவிதான் அதைக் காட்டும்.

● 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. இமாலய மேய்ச்சல் நாய், ராம்பூர், முதோல், ராஜபாளையம். கோம்பைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையின் பெயரும் ஒலித்தது. நம் ஊர் நாய்க்கு ஒரு தபால்தலை வரும் நாளை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

● தமிழ்நாட்டில் அஞ்சல்துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவரும் காட்டுயிர் எழுத்தாளருமான சு. தியடோர் பாஸ்கரன், இந்திய நாயினங்களைப் பற்றி 2017-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதினார்.

● நாய்க்குக் கல் நட்ட நாடு இது. திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். அதன் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கிறது: கோவிவன். எசமான் விழுந்த பிறகும் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற நாய். ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக அந்தப் பெயர் அழியாமல் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குட்டிக்கு டாமி, டைகர் என்று வைப்பதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

● சங்க காலத்தில் நாய்க்கு ஞமலி, ஞாளி என்றும் பெயர்.

● இனி முக்கியமான சேதி. நாய் வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களும் மாமாக்களும் இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதன்படி வேட்டை என்றால் கொல்வது மட்டும் இல்லை. துரத்துவது, விரட்டி மடக்குவது, பொறி வைப்பது, இரை வைத்து இழுப்பது எல்லாமே வேட்டை. முயன்று தோற்றாலும் வேட்டை. முயலும் காட்டுப்பன்றியும்கூடச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. திருத்தப்பட்ட சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பிறகு, பொதுவான குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். புலி, யானை போன்ற முதல் பட்டியல் உயிர்கள் என்றால் தண்டனை இன்னும் கடுமை. ‘நான் சுடவில்லை, நாய்தான் பிடித்தது’ என்பது பதிலாகாது.

● சிவராத்திரியை ஒட்டி மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் பக்கத்து ஊர்களில் பாரிவேட்டை என்று ஒரு வழக்கம் உண்டு. ஊரே நாய்களோடு திரண்டு போகும். வழக்கம் பழையது என்பதால் சட்டம் விலக்குத் தருவதில்லை. வனத்துறை பிடிக்கிறது, அபராதம் போடுகிறது. இந்தக் கூட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து போவதுதான் எனக்கு வலிக்கிறது. அவர்கள் பெயரில் ஒரு வழக்குப் பதிவானால், அதைச் சுமக்கப்போவது அந்தப் பிள்ளைகள்தான்.

● அப்படியானால் வேட்டைநாய்க்கு வேலையே இல்லையா? இருக்கிறது. மலைத்தோட்டத்தில் ஏலத்தட்டையின் கிழங்கைக் காட்டுப்பன்றி கிளறிப் போடும். காயைக் குரங்கு தின்னும். பறித்து உலர்த்திய காய்க்கு மனிதத் திருடனும் உண்டு. இரவில் ஏலக்காய் ஸ்டோரைக் காத்துக் கிடந்து, காற்றில் வாடை மாறியதும் குரல் கொடுக்கும் நாய்க்கு அந்த மலையில் மதிப்பு அதிகம். எல்லைக்குள் நின்று குரைக்கட்டும். காட்டுக்குள் ஏவாதீர்கள். அங்கேதான் சட்டமும் ஆபத்தும் தொடங்குகின்றன.

● அந்த ஆபத்துகளில் மோசமானது அவுட்டுக்காய். தீனிக்குள் வெடிமருந்தைப் பொதிந்து பன்றிக்கு வைப்பார்கள். கடித்தால் தாடை சிதறும். மோப்பம் பிடித்து முதலில் போய்க் கடிப்பது பல நேரம் நாய்தான். யானைகளும் இதில் வாய் சிதறிப் பட்டினியால் செத்திருக்கின்றன.

● சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. மகாராஷ்டிரத்தின் அகோலே பகுதியில் சிறுத்தையின் எச்சத்தை ஆராய்ந்தபோது, அது தின்ற விலங்குகளில் நாய்க்குத்தான் முதலிடம். மலைத்தோட்டத்தில் நாயைச் சங்கிலியில் வெளியே கட்டிவைப்பது, அதைச் சிறுத்தைக்கு வைப்பது மாதிரி. ஓடக்கூட வழியில்லாமல் போகும். கம்பிக் கூண்டோ, கதவுள்ள கொட்டகையோ கட்டிய பிறகு குட்டி வாங்குங்கள்.

● ஆபத்து மறுபக்கமும் உண்டு. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. அவற்றில் பலவற்றின் உடலில் டிஸ்டம்பர் வைரஸ் இருந்தது. நாய்களிடையே பரவும் நோய் அது. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இதே நோயால் சுமார் 1,000 சிங்கங்கள் மடிந்தன. நம் மேற்கே மதிகெட்டான் சோலை; தெற்கே 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். அங்கே செந்நாய்க் கூட்டங்கள் இருக்கின்றன. தடுப்பூசி போடாத ஒரு வீட்டு நாய் காட்டுக்குள் போய்வந்தால் போதும் என்ற கவலை வனத்துறைக்கு இருப்பதில் வியப்பில்லை.

● தடுப்பூசிக் கணக்கு இதுதான்: பார்வோ, டிஸ்டம்பருக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில் 16 வாரம் வரை, வெறிநோய்க்கு 3 மாதத்தில் ஒன்று, பிறகு மருத்துவர் சொல்லும்படி. ‘நாட்டு நாய்க்கு ஊசி எதுக்கு’ என்ற பேச்சை நம்பி ஒரு ஈத்துக் குட்டி முழுவதையும் பார்வோவுக்குப் பறிகொடுத்த வீடுகள் உண்டு.

● 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. காரணம் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி தன் கூடப்பிறந்தவற்றோடு கட்டிப் புரண்டுதான் கற்கிறது. 30 நாளில் தூக்கி வந்த குட்டி, அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

● குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள். தன் ஈத்தைப் பார்க்க வந்த அந்நியரைத் தாய் உறுமலாம், அது இயல்பு. எசமான் அதட்டியதும் அடங்குகிறதா என்பதுதான் கேள்வி. அடங்காத தாயின் குட்டியைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு எடுக்காதீர்கள். அடுத்து, தகப்பன் எந்த ஊர் நாய் என்று கேளுங்கள். ஒரே வளவுக்குள் அண்ணன் தங்கையைச் சேர்த்து எடுத்த ஈத்து என்றால், நிறம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் வேண்டாம். இந்த இனங்களில் மிஞ்சியிருப்பவையே குறைவு. நெருங்கிய இரத்தத்தில் சேர்க்கச் சேர்க்க நோய் கூடும். நிறம் பார்த்து விலை சொல்கிறவரைவிட, தாய் தகப்பனைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் மேல்.

● மேலே விழுந்து கடிக்கும் முரட்டுக் குட்டியும் வேண்டாம், மூலையில் ஒடுங்கும் குட்டியும் வேண்டாம். ஒரு தட்டைக் கீழே போட்டுச் சத்தம் எழுப்புங்கள். திடுக்கிட்டு ஒதுங்கி, பிறகு தானே வந்து தட்டை மோந்து பார்க்கிறதே, அந்தக் குட்டிதான் பிள்ளைக்கு ஏற்றது.

● கோம்பை கொஞ்சம் பிடிவாதக்காரன். தன் எல்லை, தன் ஆட்கள் என்ற எண்ணம் அதற்கு வலுவாக உண்டு. 14 முதல் 16 வாரத்துக்குள் ஜீப், பால்காரர், தோட்ட வேலைக்கு வருகிறவர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லாரையும் அதற்குக் காட்டிப் பழக்கிவிட வேண்டும். அந்தப் பருவம் போனால் திரும்பாது.

● ஒல்லி நாய்களுக்கு மலைக்குளிர் ஆகாது. போடிமெட்டுப் பனியில் சிப்பிப்பாறை நடுங்கும். குட்டை மயிரும் கொழுப்பில்லாத உடம்பும் காரணம். தயோபென்டால் போன்ற சில மயக்க மருந்துகளும் இவ்வகை நாய்களின் உடலை விட்டு நீங்க நெடுநேரம் ஆகும். அறுவைக்குப் போனால் இனத்தை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

● மலை ஓடையில் தண்ணீர் குடித்து வந்த நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் இரத்தம் கசிந்தால், உள்ளே அட்டை ஏறியிருக்கலாம். உப்பையோ புகையிலையையோ மூக்கில் போடாமல் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

● கம்பம் பள்ளத்தாக்கின் பெருமை பன்னீர் திராட்சை. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நாய்க்கு அது நஞ்சு. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் மாறும். கொடியடியில் உதிர்ந்த பழத்தைக் குட்டி பொறுக்கித் தின்னும் என்பதைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

● ‘ச்சூ’ என்று ஏவ எல்லாருக்கும் தெரியும். ‘வா’ என்றதும் பாதி ஓட்டத்தில் திரும்பி வர வைப்பதுதான் வித்தை. முதல் மூன்று மாதத்துக்கு அந்த ஒரு சொல் போதும். சோறு வைக்கும்போதெல்லாம் பிள்ளையே ‘வா’ என்று கூப்பிடட்டும். வந்த நாயை, எவ்வளவு நேரம் கழித்து வந்திருந்தாலும், அடிக்கவே கூடாது.

● மோப்ப வேட்டையில் ஆர்வமுள்ள பிள்ளையா? வீட்டுக்குள் வேட்டை வையுங்கள். மனிதரின் மூக்கில் மோப்ப உணர்வேற்பிகள் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கு மேல். ஒரு கருவாட்டுத் துண்டைத் துணியில் சுற்றிக் கொட்டகையில் ஒளித்துவைத்து நாயைத் தேடச் சொல்லலாம். பிறகு ஏலக்காய். காட்டுயிர்க் கடத்தலைப் பிடிக்க, புலித்தோலையும் எலும்பையும் மோந்து காட்டும் நாய்களை இந்திய வனத்துறைகள் இதே முறையில் பழக்கிய படையாக வைத்திருக்கின்றன. வேட்டைக்காரரைத் தேடிப் போகும் வேட்டைநாய்கள்!

● குட்டி எடுக்கப் போகும் நாளில் பழைய பருத்தித் துண்டு ஒன்றைக் கொண்டுபோங்கள். தாயின் மேலும் கூடப்பிறந்த குட்டிகள் மேலும் அதை நன்றாகத் தேய்த்து எடுத்துவந்து படுக்கையில் போட்டுவிடுங்கள். முதல் சில இரவுகளில் குட்டி அழுவது குறையலாம். துண்டைத் துவைத்துவிடாதீர்கள்.