ரயிலா, காரா? பிரான்சின் கோடைப் பிரயாணம்

பிரான்ஸ் தேசத்தில், கோடை விடுமுறையைக் கடற்கரையிலோ மலைநாட்டிலோ கழிக்க எண்ணும் குடும்பங்களில், வசந்தம் முதிர்வதற்கு முன்பே ஒரு விவாதம் எழுந்துவிடுகிறது: இவ்வாண்டு ரயிலில் போவதா, காரில் போவதா? இதைச் சொந்தச் சௌகரியத்தைப் பொறுத்த விஷயம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. அந்நாட்டின் சரித்திரமும் பூகோளமும் சர்க்கார் கொள்கையும் சேர்ந்து அக்குடும்பத்திற்காக இதைப் பெரும்பாலும் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருக்கின்றன என்பது என் அபிப்பிராயம்.

பாரிஸிலிருந்து மார்செய் நகருக்குச் சாலை வழியே ஏறத்தாழ 775 கிலோமீட்டர் தூரம். மணிக்கு 130 கிலோமீட்டர் என்று சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், மழை பெய்யும்போது அதனையும் 110ஆகக் குறைத்துக்கொண்டு, உணவுக்கும் ஓய்வுக்கும் குழந்தைகளின் அவசரங்களுக்கும் ஆங்காங்கே நின்று சென்றால், ஒரு பகல் முழுவதும் அதற்கே சரியாகிவிடும். 1981ஆம் ஆண்டு செப்டம்பரில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே ஓடத் தொடங்கிய டி.ஜி.வி. என்னும் அதிவேக ரயிலோ, 2001ஆம் ஆண்டு ஜூனில் அதற்கான புதுப்பாதை மார்செய் வரை நீண்ட பின்பு, அதே பிரயாணத்தை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேலான பொழுதில் முடித்துவிடுகிறது. 2017இல் திறந்த மற்றொரு பாதையால் போர்தோ நகரமும் பாரிஸுக்கு இரண்டு மணி நேரத் தொலைவுக்குள் ஏறக்குறைய வந்துவிட்டது.

வேகத்தைக் காட்டிலும் நான் பெரிதாக மதிப்பது வேறொன்று. காரோட்டும் தகப்பன் ஏழெட்டு மணி நேரம் தன் மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே இருக்கிறான். அவர்களும் பின்னாசனத்தில், வயதுக்கேற்ற தனி இருக்கைகளில் கட்டுண்டு, ஒருவரையொருவர் சீண்டுவதைத் தவிர வேறு பொழுதுபோக்கின்றி வாடுகிறார்கள். ரயிலிலோ அதே தகப்பன் எதிர் ஆசனத்தில் அமர்ந்து மகளோடு சீட்டாடவும், பர்கண்டிப் பிரதேசத்து வெள்ளைப் பசுக்களை அவளுக்குச் சுட்டிக்காட்டவும், சிற்றுண்டிப் பெட்டி வரை அவளைக் கைபிடித்து நடத்திச் செல்லவும் முடிகிறது. குடும்பமாகப் புறப்பட்டவர்கள் குடும்பமாகவே இருந்து பிரயாணம் செய்வது சாமானிய பாக்கியமன்று.

இத்தனை குணங்கள் பொருந்திய ரயிலை விட்டுவிட்டு மிகப் பல குடும்பங்கள் இன்னமும் சாலையையே நாடுவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. ரயில் நிர்வாகம் தலைகளை எண்ணிக் கட்டணம் வாங்குகிறது. சுங்கச்சாவடி வண்டியை மட்டுமே பார்க்கிறது. பாரிஸிலிருந்து மார்செய் வரை சுங்கம் அறுபது யூரோவுக்கு மேலும், பெட்ரோல் எண்பது தொண்ணூறு யூரோவும் ஆகுமென்று கொண்டால், ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் செலவு நூற்றைம்பது யூரோவை ஒட்டியே நிற்கும். டி.ஜி.வி.யிலோ தேவை ஏற ஏற விலையும் ஏறுவதால், சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தவன் மலிவாக வாங்கிய ஆசனம், விடுமுறை நெருங்கிய வாரத்தில் பன்மடங்காகி நூறு யூரோவைக்கூடத் தாண்டிவிடும். அதை ஐந்தால் பெருக்கிப் பார்க்கும் தாய் பேசாமல் கார்ச் சாவியை எடுப்பதில் ஆச்சரியமென்ன?

பரிகாரம் அடியோடு இல்லாமலில்லை. வருஷத்துக்கு 49 யூரோ செலுத்திச் சலுகை அட்டை வாங்கினால் வார இறுதிப் பிரயாணங்களில் பெரியவர்களுக்கு 30 சதவீதமும், நான்கு முதல் பதினொரு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு 60 சதவீதமும் குறைகிறது. மூன்று குழந்தைகளுக்குக் குறையாத குடும்பங்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், 30 சதவீதத்தில் தொடங்கி, ஆறு குழந்தைகளோ அதற்கு மேலோ இருந்தால் 75 சதவீதம் வரை கழிவு தரும் அட்டை 1921ஆம் ஆண்டிலிருந்தே வழக்கில் இருந்து வருகிறது. 1936இல் லெயோன் ப்ளூமின் மந்திரிசபை தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியபோது, அம்மந்திரிசபையைச் சேர்ந்த லேயோ லக்ரான்ஜ், 40 சதவீதம் குறைந்த கட்டணத்தில் ஒரு விசேஷ ரயில் சீட்டையும் ஏற்படுத்தினார். அதன் பயனாகவே ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைக் கண்டன. ஏழையின் பிள்ளையும் கடலைக் காண வேண்டுமென்று கருதி ரயிலைக் கருவியாக்கிய அந்த எண்ணத்தை நான் மிகவும் போற்றுகிறேன். முன்கூட்டித் திட்டமிட வசதியற்றவனிடமே அதிகம் வசூலிக்கும் இன்றைய விலைமுறை அதற்கு நேர் விரோதமானது.

சாலைக்கும் தன் தண்டனை உண்டு. ஜூலையில் விடுமுறை எடுத்தோர் திரும்ப, ஆகஸ்ட் விடுமுறைக்காரர்கள் புறப்படும் சனிக்கிழமையில், லியோனுக்குத் தெற்கே ரோன் நதிப் பள்ளத்தாக்கில் கார்கள் நகராமல் வெயிலில் நின்று காய்கின்றன. 1975ஆம் ஆண்டுக் கோடையின் பெரு நெரிசலுக்குப் பிறகு, மறு ஆண்டே ‘பிஸோன் ஃப்யூத்தே’ என்னும் அரசாங்க முன்னறிவிப்பு ஏற்பட்டு, ஒவ்வொரு நாளையும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் பிரித்துச் சொல்லி வருகிறது. கறுப்பென்று குறித்த நாளில் குழந்தைகளோடு சாலையில் இறங்காதிருப்பதே விவேகம்.

அர்தேஷ் மலைச்சரிவிலோ செவென் காட்டுக் கிராமத்திலோ வீடு வாடகைக்கு எடுப்பவருக்குக் கடைசி ஐம்பது கிலோமீட்டருக்கு ரயில் உதவாது. எக்ஸ் நகரத்து டி.ஜி.வி. நிலையமே ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. வாலன்ஸ் நகரம் வரை ரயிலில் வந்து அங்கே வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நான் சிபாரிசு செய்யும் மத்திய மார்க்கம். ஆனால் இரண்டு வார வாடகை சேர்ந்தால் அதுவும் வசதியுள்ளோர் மார்க்கமே.

இவை எல்லாவற்றையும்விட என் மனத்தை வருத்துவது வேறு. 1842ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, பாலங்கள் சாலைகள் இலாகாவின் தலைவரான லெகிரான் வகுத்த ரயில் பாதைகள் பாரிஸை நடுவாக வைத்து நட்சத்திர வடிவில் நாற்புறமும் விரிந்தன. அதிவேகப் பாதைகளும் பெரும்பாலும் அதே ரேகைகளைத்தான் பின்பற்றின. போர்தோவிலுள்ள பேரப்பிள்ளைகள் லியோனிலுள்ள பாட்டியைக் காணப் போக வேண்டுமானால், நாட்டின் வடபாதியில் பாரிஸையோ அதன் அருகிலுள்ள மாசியையோ சுற்றிக்கொண்டு செல்லவேண்டியிருக்கிறது. காரிலோ 550 கிலோமீட்டர் சாலை நேராக, ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடுகிறது. லிமோஜ் வழியாக மத்திய மலைநாட்டைக் கடந்து அவ்விரு நகரங்களை நேரடியாக இணைத்திருந்த பழைய வண்டி 2010களின் முற்பகுதியில் நின்றுபோயிற்று. அதை மீட்டெடுக்கவென்று பொதுமக்களே பங்குபோட்டு 2019இல் தொடங்கிய ‘ரயில்கூப்’ என்னும் கூட்டுறவு நிறுவனம், அப்பாதையில் ஒரு பிரயாணிகள் வண்டியைக்கூட ஓட்ட முடியாமல் 2024இல் மூடப்பட்டது. பாரிஸிலிருந்து தெற்கே போகும் குடும்பத்துக்கு ரயிலைத் தயக்கமின்றிச் சொல்வேன். போர்தோவின் பேரப்பிள்ளைகளுக்கு, பழைய பாதையில் சர்க்கார் மறுபடி வண்டி விடும் வரையில், காரைத் தவிர வேறொன்றைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.