கட்டத்துக்குள் அடங்காத பெயர்

டெய்ரி ஃபார்மில் எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, ஒரு சான்றிதழுக்காகத் தகப்பனும் மகளும் ஓர் அலுவலக ஜன்னலிலிருந்து இரண்டு முறை திரும்பி வந்தார்கள். பெயர்களை மாற்றிச் சொல்கிறேன். அப்பா சு. முருகன், மகள் மு. செல்வி. மகளின் ஆதார் அட்டையில் ‘செல்வி முருகன்’, பள்ளிச் சான்றிதழில் ‘செல்வி எம்’, அப்பாவின் அட்டையில் ‘முருகன் எஸ்’.

“மகளுக்கு சர்நேம் முருகன், அப்பாவுக்கு எஸ். ஒரே குடும்பம் என்றால் சர்நேம் எப்படி இரண்டாகும்?” என்று ஜன்னலுக்குள் இருந்தவர் இந்தியில் கேட்டாராம். கடைசித் தேதிக்கு இன்னும் மூன்றே நாள். ஒரு வழியாக நோட்டரியிடம் அஃபிடவிட் எழுதி வாங்கிக் கொடுத்துத் தப்பித்தார்கள். அந்த மூன்று நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

ஜன்னலுக்குள் இருந்தவரைத் திட்டிப் பயனில்லை. அவர் முன்னால் திரையில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

மளிகைக் கடையின் பற்று நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே ஒரு வரி ஒரு வாடிக்கையாளருக்கு, அதுதான் பதிவு. மேலிருந்து கீழாகப் பெயர், தேதி, தொகை என்று ஓடும் கட்டங்கள்தான் பண்புகள். தகவல்களை இப்படி அட்டவணைகளாக வைத்துக்கொண்டு ஒன்றோடொன்று இணைக்கலாம் என்று 1970-இல் கட்டுரை எழுதியவர், ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர். இன்றைக்கு வங்கி, ரேஷன், கப்பல் டிக்கெட் எல்லாம் பெரும்பாலும் அவர் போட்ட பாதையில்தான் ஓடுகின்றன. ஆனால் கடை நோட்டில் ஓரம் உண்டு. “இவர் தம்பி வந்து தருவார்” என்று அண்ணாச்சி ஓரத்தில் கிறுக்கி வைக்கலாம். கணிப்பொறியில் அந்த ஓரம் கிடையாது. கட்டம் வரைந்தவர் எதை யோசித்தாரோ அதுதான் உள்ளே போகும்.

பெயருக்குக் கட்டம் வரைந்தவர்கள் குடும்பப் பெயர் உள்ள ஊர்க்காரர்கள். தகப்பன், பிள்ளை, பேரன் மூவருக்கும் பொதுவாக ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்து வரைந்தார்கள். நம் தலைப்பெழுத்து அப்படியல்ல. ‘மு’ என்பது செல்வியின் பண்பே அல்ல. அவள் பதிவிலிருந்து அவள் அப்பாவின் பதிவுக்குப் போகும் சுட்டுவிரல். உறவைக் காட்டுவதைப் பெயர்க் கட்டத்தில் திணிப்பதால்தான் இவ்வளவு குழப்பமும். ஐஸ்லாந்து நாட்டிலும் நம் கதைதான். அங்கே பெரும்பாலோருக்குத் தகப்பன் பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்ப்பதுதான் இரண்டாம் பெயர். அங்கே தொலைபேசிப் புத்தகத்தை ஆளின் சொந்தப் பெயரை வைத்தே அடுக்கினார்கள். சொந்த நாடு என்றால் கட்டத்தையும் நாமே வரைந்துகொள்ளலாம்!

நம் நாட்டிலேயே ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு கட்டம். ஆதாரில் பெயருக்கு ஒரே கட்டம். பாஸ்போர்ட்டில் இரண்டு, குடும்பப் பெயரைக் காலியாக விடலாம். பான் அட்டை விண்ணப்பத்திலோ கடைசிப் பெயர் கட்டாயம். வெறும் தலைப்பெழுத்தும் அங்கே ஆகாது. உங்கள் பான் எண்ணை எடுத்து ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது கடைசிப் பெயரின் முதல் எழுத்து. நம்மில் பலருக்கு அங்கே அப்பாவின் எழுத்து உட்கார்ந்திருக்கும்.

காலியாக விட்டாலும் தொல்லை உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவில் இன்னொரு வேடிக்கை. குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், நம் பெயரை அங்கே தள்ளிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்.என்.யூ’ என்று போடுவார்கள். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அதற்குப் பொருள். பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர், தெரியவில்லையாம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ‘செல்வி எம்’, ‘எம்.செல்வி’, ‘செல்வி முருகன்’ மூன்றும் நமக்கு ஒரே பெண். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறிக்கு மூன்று பேர். ஒரு புள்ளியோ இடைவெளியோ கூடினாலும் ஆள் வேறாகிவிடும். ‘ழ’ உள்ள பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். ஆங்கிலத்தில் ஓர் இடத்தில் ‘எல்’, இன்னோர் இடத்தில் ‘இசட் எச்’. இதனால்தான் ஆளுக்கு ஓர் எண் வந்தது. ஆதாரின் 12 இலக்கம் அப்படிப்பட்ட சாவிதான். ஆனால் சாவி சரியாக இருந்தும் பெயரைப் பார்த்துத் திருப்பி அனுப்புகிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த அனுபவம்.

ஊர்ப் பெயருக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் ஸ்ரீ விஜய புரம் ஆயிற்று. முகவரிக் கட்டத்தில் புதுப் பெயர் வரட்டும். பிறந்த ஊர் என்ற கட்டத்தில், பிறந்த அன்று எழுதிய பெயர்தானே நிற்க வேண்டும்? இரண்டும் ஊர்தான் என்றாலும் இரண்டும் வேறு வேறு பண்புகள்.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. 2023 அக்டோபர் 1-ஆம் தேதிக்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். பெயரில்லாமல் பதிவு செய்திருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்கு மேல் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் உண்டு. அந்த 12 மாதத்துக்குள் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்: ஆங்கிலத்தில் என்ன எழுத்து, அப்பா பெயரை முழுதாகப் போடுவதா, பின்னால் போடுவதா. பிறகு எல்லா இடத்திலும் அதையே எழுதுங்கள். எங்கே எப்படி எழுதினோம் என்று ஒரு தாளில் குறித்து, அட்டைகளோடு சேர்த்து வையுங்கள்.

அந்த அக்காவுக்குப் போன மாதம் பேத்தி பிறந்திருக்கிறாள். யாழினி என்று பெயர் வைக்கப் போகிறார்களாம். ‘ழ’வுக்கு எந்த எழுத்து என்று மகனுக்கும் மருமகளுக்கும் இன்னும் முடிவாகவில்லை. இந்த முறை படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்காதான் நடுவில் உட்கார்ந்திருக்கிறார்.