பதவி போன பின் பிறந்த இராமகாதை

பெங்களூரிலிருந்து வருவோர் தமிழக எல்லையைத் தாண்டியதும், சாலையின் இருமருங்கும் ஆலைகளின் மதிற்சுவர்களையே காண்பர். அவற்றுக்கு அப்பால், குன்றின்மேல், அன்னை மரகதாம்பாளுடன் எழுந்தருளியிருக்கிறார் ஓசூர் சந்திரசூடேஸ்வரர். பழைய கல்வெட்டுகள் இவ்வூரைச் செவிடபாடி என்று குறிக்கின்றன. ஓசூர் என்பது ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும் கன்னடப் பெயர். அப்பெயருக்கேற்ப, சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைக்கடிகாரமும் செய்யும் ஊராக இது மாறிவிட்டது.

ஒரு பிரதோஷ மாலையில் அக்குன்றின் படிகளில் இளைப்பாறிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அடியேனிடம் தம் மனக்குறையைச் சொன்னார். “பிள்ளைக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிஃப்ட். இன்றைக்குப் பிரதோஷம் என்றால், ‘அதற்கென்னம்மா, லீவா விடப்போகிறார்கள்?’ என்கிறான். பேரன் அவனுக்கும் ஒருபடி மேல். ‘ராமர் நிஜமாகவே இருந்தாரா பாட்டி?’ என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?”

அப்போது அடியேனுக்கு உடனே பதில் தோன்றவில்லை. படியிறங்கும்போதுதான், அதே கேள்வியை ஒரு பேரன் அல்ல, ஒரு நாடே கேட்ட காலத்தில் வாழ்ந்து, அதற்குப் பதிலும் சொன்ன ஒருவர், இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே பிறந்தவர் என்பது நினைவுக்கு வந்தது.

தொரப்பள்ளி என்பது தென்பெண்ணையாற்றங்கரைச் சிற்றூர். அவ்வூர் முன்சீப் சக்கரவர்த்தி ஐயங்காருக்கும் சிங்காரம்மாளுக்கும் 1878 டிசம்பர் 10 அன்று பிறந்தவர் மூதறிஞர் இராஜாஜி. ஓசூரில் பள்ளிப்படிப்பு, பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி, சென்னை மாநிலக் கல்லூரி, பிறகு சேலத்தில் வக்கீல் தொழில். ஆங்கிலம் படித்தவர்கள் பாட்டன் வழிபட்ட தெய்வத்தைப் பற்றிப் பேசவே கூசிய காலம் அது. அவருடைய அரசியல் வாழ்வை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. காந்தியடிகளுடன் நின்றார், சிறை சென்றார், நாட்டின் கவர்னர் ஜெனரலாக இருந்தார். 1952 ஏப்ரலில், எழுபத்து மூன்றாம் வயதில், சென்னை மாகாண முதலமைச்சரானார். நாம் காண வேண்டியது அதற்குப் பின் நடந்ததைத்தான்.

அந்நாளைய தமிழகச் சூழலை மூத்த வாசகர்கள் பலர் நேரிலேயே அறிவீர்கள். 1943-லேயே கம்பராமாயணத்தைத் தீயிலிட வேண்டும் என்று அறிஞர் அண்ணா வாதிட்டார், ரா.பி. சேதுப்பிள்ளையும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் எதிர்வாதம் புரிந்தனர். 1953 மே மாதம், புத்த பூர்ணிமை நாளில், பெரியார் ஈ.வெ. ராமசாமி பிள்ளையார் உருவத்தைப் பொதுவில் உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. களிமண் உருவமேயானாலும் ஒரு சாரார் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டம் அதைக் காக்கவே செய்யும் என்று 1958-இல் அந்நீதிமன்றம் விளக்கியது. ஆனால் காலம் கடந்துவிட்டதென்று மேல்விசாரணைக்கு உத்தரவிடவில்லை. இடையில் 1956-இல் இராமர் படத்தை எரிக்கும் போராட்டமும் வந்தது. தெருமுனைக் கூட்டங்களில் இராமனும் சீதையும் ஏளனப் பொருளானார்கள். நெற்றியில் திருநீறோ திருமண்ணோ துலங்கத் தெருவில் நடப்பவன் ஒரு கேலிச் சொல்லாவது கேட்காமல் வீடு திரும்ப முடியாத ஊர்களும் இருந்தன.

இந்தச் சூழலின் நடுவே, தம் கல்வித் திட்டத்துக்கு எழுந்த கடும் எதிர்ப்பினால் 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அப்போது வயது எழுபத்தைந்து. சொந்தக் கட்சியினரிலேயே பலர் விலகி நின்றனர். வேறொருவராயிருந்தால் வெறுப்போடு ஒதுங்கியிருப்பார். அல்லது எதிரிகளுக்குச் சூடாகப் பதில் எழுதிக்கொண்டிருப்பார். அவர் செய்தது வேறு. அதே 1954-இல் ‘கல்கி’ வார இதழில் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ எழுதத் தொடங்கினார். ஏற்கெனவே அவ்விதழில் மகாபாரதத்தை ‘வியாசர் விருந்து’ என்று படைத்தவர்தாம். இப்போது இராமாயணம். வாரந்தோறும் ஒரு பகுதி. குழந்தைக்குக் கதை சொல்லும் பாட்டியின் எளிய நடையில், வால்மீகி சொன்னது இது, கம்பர் மாற்றிப் பாடியது இது என்று இடையிடையே எடுத்துக்காட்டி எழுதினார். தொடர் நடந்துகொண்டிருந்தபோதே, 1954 டிசம்பர் 5 அன்று, அவ்விதழின் ஆசிரியரும் அவருக்கு மிக நெருங்கியவருமான கல்கி கிருஷ்ணமூர்த்தி மறைந்தார். கதை நிற்கவில்லை, 1955-இல் நிறைவு பெற்றது. 1958-இல் அந்நூல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது.

ஏளனம் செய்தவர்களுக்கு அந்நூலில் நேரடியான பதில் தேடினால் அதிகம் அகப்படாது. ஆனால் ஐயங்களை அவர் மூடி மறைக்கவும் இல்லை. உத்தரகாண்டத்தை அவர் தம் கதையில் சேர்க்கவில்லை. பட்டாபிஷேகத்தோடு முடித்துக்கொண்டார். சீதாபிராட்டியைக் காட்டுக்கு அனுப்பும் அக்கதையைத் தம் உள்ளம் ஏற்க மறுக்கிறது என்றும், நம் நாட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாமல் பட்டுவரும் துயரத்தையே அது காட்டுகிறது என்றும் முடிவுரையில் மனந்திறந்து எழுதினார். எழுதியவர் இராமபக்தர் என்பதை நினைக்கவேண்டும். எதிர்த்தரப்பினர் கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தாமே கேட்டுக்கொண்டு, அதன் பிறகும் இராமன் திருவடியை விடாமல் பற்றியிருக்கிறார். பேரன் ‘நிஜமா பாட்டி?’ என்று கேட்டால் நாம் அதட்டி வாயடைக்கிறோம். இவரோ கேள்வி கேட்பவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கதையைத் தொடர்ந்தார்.

அம்முடிவுரையில் இன்னொன்றும் சொல்கிறார். நாட்டைத் துறந்தபோது இராமன் வருந்தவில்லை, சீதையைப் பிரிந்தபோதுதான் துயரம் இன்னதென்று அறிந்தான். அதுபோலவே, பெரும் பதவியை விட்டிறங்கியபோது தமக்கு எதையும் இழந்த உணர்வு ஏற்படவில்லை என்றும், இராமகாதையை எழுதி முடித்த இப்போதுதான், மூர்த்தி இல்லாத கோயில்போல் மனம் வெறுமையாய் இருக்கிறது என்றும் எழுதுகிறார். கவர்னர் ஜெனரல் மாளிகையில் வாழ்ந்தவரின் சொல் இது.

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லாமல் விடலாகாது. இறைவனுக்கும் அடியவனுக்கும் இடையே குறுக்கே நின்றவர்கள் நாத்திகர்கள் மட்டுமல்லர், நம்மவர்களும் நின்றோம். 1925-இல், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த பக்தர் ஒருவர், பக்திப் பெருக்கை அடக்கமாட்டாமல் திருச்சானூர்க் கோயிலுக்குள் நுழைந்துவிட்டார். அது குற்றமாயிற்று, வழக்கும் தண்டனையும் வந்தன. ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலையே துறந்திருந்த இராஜாஜி, அந்த ஒருவருக்காக மீண்டும் நீதிமன்றப் படியேறி வாதாடி அவரை விடுவித்தார். தாயாரைச் சேவிக்கத் துடித்த குற்றத்துக்காக ஒருவர் கூண்டில் நின்றார் என்பதை எண்ணும்போது, நம் தலை குனியத்தான் வேண்டியிருக்கிறது. கோயிலை ஏளனம் செய்தவர்களின் கோபத்துக்கு நாமே மூட்டிக் கொடுத்த நெருப்பும் அதில் உண்டு என்பது அடியேன் கருத்து.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1939 ஜூலை 8 அன்று, மதுரை வைத்தியநாதய்யர் தாழ்த்தப்பட்ட அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோயிலுக்குள் சென்றார். அவர்களில் ஒருவர் பின்னாளில் அமைச்சரான கக்கன். எதிர்ப்பு பலமாக எழுந்தது. அப்போது மாகாணப் பிரதமராயிருந்த இராஜாஜி, ஆலயப் பிரவேசத்துக்குத் துணை நிற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதனால் வைதிகர்களின் வசைக்கு ஆளானார். ஆக, வைதிகர் கண்ணில் ஆசாரம் கெடுத்தவர், பகுத்தறிவாளர் கண்ணில் பழைமைவாதி. இருபுறமும் அடி விழுந்த மத்தளம்போல் வாழ்ந்தவர் அவர். நாம் காணும் அவர் படங்கள் பலவற்றில் நெற்றியில் திருமண்கூட இராது.

‘குறையொன்றுமில்லை’ என்ற அவருடைய பாடலை அறியாத வீடு நம்மிடையே இல்லை. கடையநல்லூர் வெங்கட்ராமன் மெட்டமைக்க, சிவரஞ்சனி, காபி, சிந்துபைரவி என மூன்று இராகங்களில் எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பாடியது. சந்நிதியின் திரை விலகாமலே போனாலும் தமக்கு மனக்குறை இல்லை என்று ஒரு பக்தன் சொல்லும் பாடல் அது. கேட்கும்போதெல்லாம் அடியேனுக்குத் திருச்சானூர் வாசலில் தடுக்கப்பட்ட அந்தப் பெயர் தெரியாத பக்தரின் நினைவு வரும்.

பெரியாருக்கும் அவருக்கும் இருந்த உறவையும் சொல்லவேண்டும். தெய்வ விஷயத்தில் இருவரும் இரு துருவங்கள். ஆயினும் 1949 மே மாதம் இராஜாஜி திருவண்ணாமலைக்கு வந்திருந்தபோது, தம் சொந்த வாழ்க்கையின் முக்கியமான ஒரு முடிவு குறித்து ஆலோசனை கேட்கப் பெரியார் தேடிச் சென்றது அவரைத்தான். கம்பராமாயணத்தை எரிக்கச் சொன்ன அண்ணாவுடன் 1967 தேர்தலில் இராஜாஜி கைகோத்ததையும் நாடு கண்டது. இவற்றால் அவர் தம் பக்தியில் அணுவளவும் குறைத்துக்கொள்ளவில்லை. 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். அம்மையார் பாடினாரே, உலக அமைதி வேண்டும் ஆங்கிலப் பிரார்த்தனை, அதையும் இயற்றியவர் இவரே. 1972 டிசம்பர் 25 அன்று, தொண்ணூற்று நான்காம் வயதில் அவர் மறைந்தார். சக்கர நாற்காலியில் மயானம் வரை வந்த பெரியார், நண்பரின் சிதையருகே கண்ணீர் விட்டு அழுதார்.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த சிறிய வீட்டை அரசு நினைவில்லமாகப் பராமரித்து வருகிறது. ஓசூருக்குச் செல்லும் அன்பர்கள் காலையில் வெயில் ஏறுமுன் சந்திரசூடேஸ்வரரைத் தரிசித்துவிட்டு, அங்கும் போய் வரலாம். பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறையாக இருக்கும் நாளாகப் பார்த்து, அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். போகும் வழியில் ஆலை வாகனங்களின் நெரிசல் அதிகம். கதை சொல்ல நேரம் கிடைக்கும்.