போகாது, போகல, போகமாட்டார்

சென்னை கடற்கரை நிலையத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயில்களில் சில தாம்பரத்தோடு நின்றுவிடும். சில செங்கல்பட்டு வரை ஓடும். அதனால் பல்லாவரம், குரோம்பேட்டை நடைமேடைகளில் "இது செங்கல்பட்டு போகாது" என்ற பதில் சகஜம். மறுப்புக்கென்று தனிச்சொல் எதுவும் அதில் இல்லை. மறுப்பு வினைக்குள்ளேயே இருக்கிறது. நார்வே மொழியில் அந்த வேலையை 'இக்கெ' என்ற தனிச்சொல் செய்கிறது. முதன்மை வாக்கியத்தில் வினைக்குப் பின்னும், துணை வாக்கியத்தில் வினைக்கு முன்னும் அது நிற்கும்; வினையின் காலமும் உருவமும் அப்படியே இருக்கும். தமிழிலோ மறுத்த மாத்திரத்தில் வினையின் கால அமைப்பே மாறிவிடுகிறது.

போனது, போகிறது, போகும் என உடன்பாட்டில் மூன்று காலம். மறுக்கும்போது "நேத்து போகல", "இப்ப போகல" இரண்டுக்கும் ஒரே வடிவம். நாளைக்கு என்றால் வண்டி 'போகாது', ஓட்டுநரோ 'போகமாட்டார்'. உடன்பாட்டில் விகுதியளவில் நிற்கும் திணை வேறுபாடு, இங்கே வினையின் அமைப்பையே மாற்றுகிறது. பழுதான பைக்கை மட்டும் "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது" என்போம். பிடிவாதம் என்று வந்துவிட்டால் இயந்திரமும் ஆள்தான்! பழைய வடிவம் இன்னும் சுவையானது. செய்தேன், செய்கிறேன், செய்வேன் ஆகியவற்றில் கால இடைநிலையை எடுத்துவிட்டால் 'செய்யேன்'. செய்யவில்லை, செய்வதில்லை, செய்யமாட்டேன் எல்லாமே அதில் அடங்கும். எதிர்மறை ஆகாரம் அங்கே கெட்டது என்று மரபிலக்கணம் விளக்கும். 'போகாது' என்பதில் அந்த ஆகாரம் இன்றும் கேட்கிறது. 'கடக்காதீர்கள்' என்ற ஏவலிலும் கேட்கிறது.

போனதில்லை, போவதில்லை என்று மறுப்பிலும் காலம் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் அங்கே மறுப்பது வேறு சொல். 'போனது', 'போவது' என வினை பெயராகிவிட, அப்படி ஒன்று இருப்பதை 'இல்லை' மறுக்கிறது. காலம் அந்தப் பெயரில் தங்கிவிடுகிறது. 'இல்லை'யும் ஒட்டுச்சொல்லன்று, காலம் காட்டாத குறிப்பு வினைமுற்று.

'போகவில்லை' பேச்சில் 'போகல' ஆனது வெறும் சோம்பல் என்பவர்களும் உண்டு. டேனிஷ் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1917-இல் எழுதிய நூல் இதற்கு விடை தரும். மறுப்புச் சொற்கள் தேய்வதும், துணைக்கு வந்த சொல் பிறகு மறுப்பாகவே மாறுவதும் பல மொழிகளில் நடந்திருக்கின்றன. 'இக்கெ'யின் மூதாதையான பழைய நார்ஸ் 'எக்கி'யில் இருப்பது 'ஒன்று' என்ற எண்ணுப்பெயரும் ஓர் ஒட்டும்தான். தமிழில் ஒரு முழு வினைமுற்று 'ல' என்ற விகுதியளவுக்குத் தேய்ந்திருக்கிறது. ஆனாலும் முழுதாக அழியவில்லை: கேள்வியாக்கினால் "போகலையா?" என்று 'இல்லை'யின் ஐகாரம் திரும்பி வந்துவிடுகிறது.