வீட்டுக்குள் ஒரு கச்சேரிக் கூடம்: வெளி குறித்துச் சில கணக்குகள்

'இயற்கை வீடு கட்டணும், அதுல கச்சேரிக்கு ஒரு கூடம் வேணும்' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். உடனே முற்றமும் திண்ணையும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. முற்றம் வெயிலையும் காற்றையும் கையாளத் தெரிந்த அமைப்பு, மறுப்பதற்கில்லை. ஆனால் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருவோடு நின்றுவிட வேண்டும் என்பதும் அதே வரைபடத்தில்தான் இருந்தது. அந்த வீடுகளின் ரேழியைப் பறை தாண்டியதில்லை. ஆகவே மண், சுண்ணாம்பு பற்றிய பேச்சு கதவு பற்றிய பேச்சாகவும் இருந்தாக வேண்டும். இதை ஒலியின் கணக்கே காட்டிக்கொடுக்கிறது.

ஹார்வர்டில் பேச்சு புரியாத ஒரு விரிவுரைக் கூடத்தை 1895இல் ஆராயத் தொடங்கிய வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சலுக்கு எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பாது. கூடத்தின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சலால் வகுத்தால், பாட்டு நின்றபின் ஒலி அடங்க ஆகும் விநாடிகள் கிடைக்கும்.

6 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று ஒரு கூடம். கன அளவு 90. சுவர், தரை, கூரை சேர்ந்து 126 சதுர மீட்டர். வழுவழுப்பான சிமெண்ட் பூச்சு ஒலியில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத்தான் விழுங்கும். ஆக உறிஞ்சல் சுமார் 4. காலிக் கூடத்தில் ஒலி மூன்றரை விநாடிக்கு மேல் சுற்றும். சாகித்யம் எல்லாம் கூழாகிவிடும். இப்போது 20 பேரை உட்கார வையுங்கள். ஆளுக்கு அரை என்றால் 10. கதவும் ஜன்னலும் 4 சதுர மீட்டர் திறந்திருந்தால் இன்னொரு 4. மொத்தம் 18; ஒலி 0.8 விநாடியில் அடங்கிவிடும். அதாவது கூடத்தைச் சரிசெய்யும் முதல் கட்டிடப் பொருள் வந்து உட்காரும் மனிதர்கள்தான்.

இதற்கு மறுமுனை, ஜன்னலை அடைத்துச் சுவரெல்லாம் நுரைப் பலகை ஒட்டி ஏசி போடுவது. ஆள் வராமலே ஒலி சரியாகிவிடும்; மின்கட்டணம் மட்டும் வரும்.

சுவருக்கு லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு போதும். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விடுவது. சுமார் கால்பங்கு செங்கல் மிச்சம், வெயிலும் மெதுவாகத்தான் இறங்கும். பூசாத செங்கல்லும் ஜாலியும் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி பந்தாடுவதை ஓரளவு உடைக்கும். கூரை தகரமாக மட்டும் வேண்டாம், மழை வந்தால் தவிலே கேட்காது.

காற்று வரும் ஜாலி வழியாகப் பாட்டும் வெளியே போகும். தெரு கேட்கத்தான் செய்யும். கேட்டுட்டுப் போகட்டும், பிடித்திருந்தால் உள்ளே வரட்டும். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒன்பது மணிக்கு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

மேடை ஒன்றரை அடி உயரத் திட்டாக இருக்கட்டும். மற்ற நாளில் பிள்ளைகள் படிக்கவும் தூங்கவும் ஆகும். சமையலறையை மட்டும் பின்கட்டில் தள்ளிவிடாதீர்கள். 20 பேருக்குக் காபி கலக்குகிறவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். பாட்டு அவருக்குச் சுவருக்கு அப்பாலிருந்து வரும் முனகலாகவே இருந்து வந்திருக்கிறது. நடுவே இடுப்பளவுச் சுவர் போதும். வடிகட்டுகிற வேலையை அன்றைக்கு வேறு யாராவது பார்த்தாலும் கட்டிடத்துக்கு ஒன்றும் ஆகாது.